க-வுக்குப் பதினாறு புள்ளி

"இது எழுத்தா, பல்லு விழுந்த வாயா?" என்று கேட்டார் நில அளவையர். ஆயுசு முழுக்க நிலம் அளந்தவர், ஓய்வு பெற்றபின் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அச்சகத்துக்கு ஸ்கேலும் கையுமாக வந்திருந்தார். "க-வுக்கு அப்புறம் ஒரு ஆளு படுத்துத் தூங்கலாம்."

புயல் அவர் நீட்டிய பக்கத்தை எட்டிப் பார்த்தான். அப்படித்தான் இருந்தது.

அச்சகத்தில் அவனுக்குப் பெயரே புயல்தான். ஒரு நாளைக்குக் கணினியில் பன்னிரண்டு பக்கம் அச்சுக் கோக்க வேண்டும், முடித்தவர் கிளம்பலாம். மற்றவர்கள் ஏழு மணி வரை மல்லுக்கட்டுவார்கள். அவன் ஐந்துக்கே பையை மாட்டுவான். மனைவி இறந்து ஐந்து மாதமாகியும் அந்த வேகம் மட்டும் போகவில்லை. ஐந்துக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அவன் கணினியில் மட்டும் இருந்த அந்த எழுத்துரு அவள் வரைந்தது. கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வைத்து, அடுத்த எழுத்து எத்தனை புள்ளி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தாள். க-வின் உடம்பு பதினோரு புள்ளி. எண் பதினாறு.

"அவ அளவுல தப்பு பண்ண மாட்டாளே," என்றான், பிழை திருத்தும் அக்காவிடம்.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "அத ஏன் நோண்டுற? விட்டுடு."

விடவில்லை. பன்னிரண்டாக்கினான். உடனே கா-வின் துணைக்கால் க-வின் மடியில் ஏறி உட்கார்ந்தது. துணைக்காலை அவள் நான்கு புள்ளி பின்னால் இழுத்து வைத்திருந்தாள். அதை முன்னே தள்ளினான். கா சரியானது, மா-வின் கால் கோபித்துக்கொண்டு விலகி நின்றது. ம-வைக் குறுக்கினான். பிறகு நாளுக்குச் சிலவாக த, ன, ப. தொட்டதிலெல்லாம் அதே நான்கு புள்ளி அதிகம். ஔ மட்டும் கச்சிதமாக இருந்தது. யாரும் சீண்டாத எழுத்தைப் போய் ஒழுங்காகப் போட்டிருக்கிறாளே என்று அவள்மேல் கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் அவனுக்கு ஏதாவது ஓர் உணர்ச்சி வந்தது அதுதான் முதல் தடவை.

மறுபடி வந்த அளவையர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் எல்லைக்கல்லு சரியா நட்டிருக்கு," என்றார்.

ஆனால் அந்த வாரமே செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குப் பதினோரு பக்கம்தான் முடிந்திருந்தது. புதன்கிழமை பத்து. வெள்ளிக்கிழமை ஒன்பது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "என்ன புயலு, கரையக் கடந்துட்டியா?"

"கை ஓடல சார்."

"திங்கக்கிழமையும் இதே கதைன்னா பார்சல் கட்டப் போயிடு. இங்க வேற ஆளப் போட்டுக்கறேன்."

மற்றவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வாரம்தான் முதல் தடவையாக அவனும் ஐந்துக்குப் பிறகு அவர்களோடு உட்கார்ந்திருந்தான். அக்கா ஒன்பது பக்கத்தையும் எடுத்துக்கொள்ள வந்தாள்.

"அவளோட சேர்ந்து கையும் போயிடுச்சுக்கா," என்றான், விரல்களைப் பார்த்தபடி. "எனக்குத்தான் லேட்டாத் தெரியுது."

அக்கா தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள்.

"நீ என்னைக்குடா புயலா இருந்த? எப்பவுமே உனக்கு ஒம்பது பக்கம்தான். நீ அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வரணும், பக்கம் சீக்கிரம் நெரம்பட்டும்னு அவதான் எழுத்துக்கு நாலு புள்ளி கூட வச்சா."