வாசலைப் பார்த்த நாற்காலி

வினிகர் கடை உரிமையாளரும், மூவர் கோயில் கமிட்டித் தலைவரும், என் மனைவியின் அண்ணனுமாகிய தியென்பாவ் அவர்களுக்கு,

ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும். ஜாடிகளில் வினிகர் நன்றாகப் புளித்திருக்கும். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். மரியாதைக்காக எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது.

ஆறு வருடத்துக்கு முன் என் மகள் ருய்வென் கல்யாண விருந்தில் வாசலைப் பார்த்த முதல் மரியாதை நாற்காலியில், தாய்மாமன் என்ற உரிமையில், நீங்கள் உட்கார்ந்தீர்கள். பெற்ற அப்பனுக்கு வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலி, பரிமாறுகிறவர்கள் சூப்புக் கிண்ணத்தோடு இடித்துக்கொண்டு போகும் இடம். பெரியவர்களை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று பழைய நூல்களிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பிழைக்கிறவன் நான். மீன் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டேன். மீனின் தலையையும் அந்த மரியாதைக்காக உங்களைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் கண்ணால் வேறு பார்க்க வேண்டுமா? அதன்பின் ருய்வென் என் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். நான் பக்கத்தில் வந்தால் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஊரில் அவ்வளவு மழை கிடையாது.

கோயிலிலும் உங்கள் கமிட்டி செய்திருப்பது அதே தவறுதான். நடுவில் புத்தர், ஒரு பக்கம், தாழ்ந்த இடமே நல்லது என்ற தாவோ ஞானி லாவோட்சு, மறுபக்கம் கன்பூசியஸ். எங்கோ இந்தியாவிலிருந்து வந்தவருக்கு நடு இடம். மகன் அப்பனிடமும் விருந்தாளி வீட்டாரிடமும் எப்படி நடக்க வேண்டும் என்று இந்த நாட்டுக்கே சொல்லித் தந்த நம் ஆசானுக்கு ஓரம். இதைப் பற்றிக் கமிட்டிக்கு நான் அனுப்பிய மனுக்கள் உங்களிடம் இருக்கும். வாயைத் திறக்கவில்லை என்றுதான் சொன்னேன், எழுதவில்லை என்று சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் இலையுதிர்கால மழையில் கோயில் கூரை ஒழுகியது. மூன்று சிலைகளையும் வண்டியில் ஏற்றி, ஆட்களையும் கூட்டிக்கொண்டு நீங்கள் என் வாசலில் வந்து நின்றீர்கள். கதவைத் திறந்தவன் நான். நீங்களோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "தங்கச்சி! உன் புருஷன்கிட்ட சொல்லு. மூணு பெரியவங்களும் நனைஞ்சு நிக்கிறாங்க. கூரை வேலை முடியிற வரைக்கும் இங்கதான் இருக்கணும். ஊர்லயே இவர் வீட்டு முன்கூடம்தான் யாரும் வராம காலியா கிடக்கு" என்றீர்கள். நான் பதில் தேடுவதற்குள் புத்தர் பாதி உள்ளே வந்துவிட்டார். கதவு நிலையில் அவர் முழங்கை போட்ட கீறல் இன்னும் இருக்கிறது.

என் வீடு, என் இஷ்டம் என்று கன்பூசியஸை நடுவில், வாசலைப் பார்த்து உட்கார வைத்தேன். புத்தரை ஜன்னல் பக்கம் தள்ளினேன். லாவோட்சுவைச் செருப்பு அலமாரிக்கு அருகில் வைத்தேன். அங்கேயும் அதே சிரிப்பு. எவ்வளவு தாழ்வான இடம் கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாத மனிதரோடு எப்படித்தான் சண்டை போடுவது? மறுநாள் காலை முதல் கூட்டம். எதிர்வீட்டு நியூ அம்மாள் ஊதுபத்தியோடு வந்து, ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்று சொன்னவரின் காலடியில் உட்கார்ந்து, மகனுக்கு நகரத்தில் வீடு, மருமகளுக்குக் குழந்தை, தனக்குப் புதுப் பல் என்று வேண்டிக்கொண்டாள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் கன்பூசியஸிடம் வந்தார்கள். என் வகுப்பில் தூங்குகிறவர்கள் எல்லோரும் அவர் முன்னால் விறைப்பாக நின்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட வேண்டும், தேநீர் ஊற்ற வேண்டும், நியூ அம்மாளின் பல் கதையைக் கேட்க வேண்டும். என் நிம்மதி போயிற்று. அந்த வாரம் நான் பேசியது, அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் பேசியதைவிட அதிகம்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. கன்பூசியஸின் சிலை கை குவித்து, இடுப்பைக் கொஞ்சம் திருப்பி, குனிந்தபடி செய்யப்பட்டது. நடுவில் வைத்தால் அவர் வாசலைப் பார்க்காமல் சமையலறையைப் பார்த்து வணங்கினார். பீடத்துக்கு அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன், செங்கல் வைத்துப் பார்த்தேன். வணக்கம் அடுப்புக்குத்தான் போயிற்று.

அப்படிச் செங்கல்லும் கையுமாகத் தரையில் கிடந்தபோதுதான் வாசலில் நிழல் தெரிந்தது. ருய்வென். கையில் ஒரு கூடை, அதில் சாமிக்குப் படைக்கப் பூ வடிவத்தில் பிடித்து அவித்த பன்கள்.

"உங்களைப் பார்க்க வரல. பெரியவங்களைக் கும்பிட வந்தேன்."

"உள்ளேதான் இருக்காங்க" என்றேன்.

உள்ளே வந்தவள் ஆசானைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னப்பா இது? ஏன் இவரு அம்மாவோட அடுப்பைக் கும்பிடுறாரு?"

"இந்த வீட்டுல இவராவது கும்பிடட்டுமேடி" என்று உள்ளிருந்து உங்கள் தங்கையின் குரல்.

"பழைய இடத்துலயே வச்சுப் பாருங்கப்பா" என்றாள் ருய்வென். நானும் அவளும் உங்கள் தங்கையும் சேர்ந்து ஆசானை நகர்த்தி, புத்தரை நடுவுக்குக் கொண்டுவந்தோம். செங்கல்லே தேவைப்படவில்லை. குவிந்த கையும் குனிந்த தலையும் நேராகப் புத்தரிடம் போய் நின்றன. தூரத்திலிருந்து வந்தவரை, வாங்க, நல்ல இடத்துல உட்காருங்க என்று அழைக்கும் வீட்டுப் பெரியவர். செய்தவன் அப்படி நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

ருய்வென் ஆசானின் குவிந்த கையில் இருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு, "விருந்துக்குக் கூப்பிடுற வீட்டுக்காரங்க இருக்கிற இடம் இதாம்ப்பா. என் கல்யாணத்துல இந்த இடம்தான் காலியா இருந்துச்சு" என்றாள்.

என்னிடம் பதில் நிறைய இருந்தது. எல்லாமே நூல்களில் உள்ளவை. ஆனால் தண்ணீர் கொதித்துவிட்டதால் தேநீர் போடப் போய்விட்டேன்.

அன்று அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். வாசலைப் பார்த்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். "நான் என்ன விருந்தாளியா?" என்று கேட்டுவிட்டு, சின்ன வயதில் உட்காரும் குட்டை முக்காலியை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நூடுல்ஸில் ஊற்றியது உங்கள் கடை வினிகர். ஆறு வருடமாக உங்கள் தங்கை அதை வேறு கடைப் புட்டியில் நிரப்பி எனக்கு ஊற்றி வந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

கூரை வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சிலைகளை எடுத்துப் போக வருவதாக உங்கள் தங்கையிடம் சொன்னீர்களாம். வண்டியை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள். நீங்கள் முன்னாலேயே வந்து சாப்பிடுங்கள். வாசலைப் பார்த்த நாற்காலி உங்களுக்கு. மீனின் தலை உங்களைப் பார்த்தே இருக்கும், தட்டை நானே திருப்பி வைப்பேன். ஊரில் இத்தனை வீடுகள் இருக்க, அவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினீர்களே, அது வேண்டுமென்று செய்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

மூவரும் உங்களையும் உங்கள் ஜாடிகளையும் காக்கட்டும். யார் முதலில் காப்பது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

பி.கு.: இதை நன்றிக் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். கதவு நிலைக் கீறலை நான் மறக்கவில்லை. மேலும், நேற்றுக் கோயில் பக்கம் போய்ப் பார்த்தேன். கூரையில் ஒரு ஓடு எனக்குச் சரியாகப் படவில்லை. சிலைகள் இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்க வேண்டியிருக்கும் என்று கமிட்டி முடிவு செய்தால், இந்த ஒரு தடவை நான் மனு எழுத மாட்டேன். அடுத்த மாதமும் கும்பிட வருவதாக ருய்வென் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். கீழே கையெழுத்துப் போட்டால், வாத்தியார் இறங்கி வந்துவிட்டார் என்று கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்வீர்கள். ஆகவே எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியாதபடி, பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.