டேம் சாரின் லேக்

மதுரை மாவட்டத்திலேயே லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு புழுதியில் நின்ற ஒரே மனிதர் எங்கள் டேம் சார்தான். யாராவது மறுத்தால் நான் சத்தியம் செய்யத் தயார். பக்கத்தில் அதே கோலத்தில் நானும் நின்றிருந்தேன்.

நான் கிளார்க்காக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் புவியியல் வாத்தியார். எந்தப் பாடம் எடுத்தாலும் பீரியட் முடிவதற்குள் அணைக்கட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். பாலைவனம் நடத்துகிறார் என்று நம்பி உட்கார்ந்த வகுப்பு, மணி அடிக்கும்போது மதகுப் படம் வரைந்துகொண்டிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் ரிஜிஸ்டரோடு சரி. ஊருக்கு அவர் டேம் சார்.

ரிட்டயர் ஆனவர்கள் ஃப்ளாட் வாங்குவார்கள், பேரனைத் தூக்க அமெரிக்கா போவார்கள். இவர் அழகர்கோவில் ரோட்டைத் தாண்டி, மனைவி வழியில் வந்த நாலு ஏக்கர் தரிசில் ஜேசிபியை இறக்கினார். பள்ளத்தை மறித்து மண்கரை போட்டு, தண்ணீர் தேக்கிப் படகு விடுவது திட்டம். ஞாயிற்றுக்கிழமையானால் மதுரைக்காரனுக்குப் பரோட்டாக் கடையை விட்டால் வேறு போக்கிடம் இல்லையாம்.

கரைக்குக் களிமண் தேடிய மாதங்களில் அவரைக் கண்டாலே ஓடினோம். சட்டைப் பையில் எப்போதும் மண் உருண்டை இருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் என் இலையில் அப்பளத்துக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து, "யோவ் கிளார்க்கு, உருட்டிப் பாரு, வெடிக்குதான்னு சொல்லு" என்றார். பக்கத்து இலைக்காரர் அதை ஏதோ புது ஸ்வீட் என்று நினைத்து, தனக்கு மட்டும் வைக்கவில்லையே என்று பரிமாறியவரோடு சண்டைக்குப் போய்விட்டார்.

ஒரு வழியாகக் கரை எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேலே, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கரைக்குக் கீழே மல்லிகைத் தோட்டம் போட்டு, அங்கேயே ஓட்டு வீட்டில் குடியிருந்த பேச்சியம்மாள் ஒருநாள் இடுப்பில் கை வைத்து அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாரு, கண்மாய்க்குக் கலுங்கு எங்க?"

"கண்மாய் இல்லம்மா, லேக்."

"என்ன எழவோ. தண்ணி மிஞ்சுனா வெளிய போக வழி வேணுமில்ல?"

சார் சிரித்துவிட்டார். "மிஞ்சுறதா? இந்த ஊர்லயா? வர்ற தண்ணிய வெளிய விடவா நான் கரை கட்டுனேன்?"

முப்பது வருடம் கரும்பலகையில் கலுங்கு வரைந்து, அதை வரையாத பையனுக்கு மார்க் குறைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது! ஆனாலும் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குழாயில் காற்று வரும்போதே குடத்தை வைத்துக் காத்திருக்கும் ஊரில், தண்ணீர் அதிகமாகிவிடுமே என்று எவன் கவலைப்படுவான்? நானும் அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் லேக்கில் ஆடு மேய்ந்தது. 'ஆழம் அதிகம், எச்சரிக்கை' என்ற போர்டில் ஆடுகள் முதுகைச் சொறிந்துகொண்டன. சார் அசரவில்லை. மூடிப்போன ஏதோ பூங்காவிலிருந்து ஒரு பெடல் படகை வாங்கிவந்து பள்ளத்தின் நடுவில் நிறுத்தினார். ஞாயிறு மாலைகளில் எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, அதில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். ஒரு தடவை அலுத்துப்போய் நான் இறங்கி நடந்தேன். "யோவ், முங்கிருவ!" என்று கத்தினார். சர்ச்சில் மழைக்காக ஜெபம் பண்ணினால் இவருடைய ஆமென் மட்டும் தனியாகக் கேட்கும்.

ஒரு ஐப்பசியில் அந்த ஆமென் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. மலைப் பக்கம் நாலு நாள் விடாமல் கொட்டியது. சனிக்கிழமை மதியம் எனக்குப் போன். "கிளார்க்கு, படகு மிதக்குதுய்யா!" அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் பழைய வாத்தியார்கள் எல்லோரும் குடும்பத்தோடு படகு ஏற வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலையிலேயே நான் போய்விட்டேன். பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. தூறலில் சிலிர்த்துக்கொண்டிருந்த தண்ணீர், பின்னால் மலை, நடுவில் படகு. டேம் சார் வேட்டி சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி கரையில் நின்றார். தண்ணீர் கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வந்திருந்தது.

அப்போது பேச்சியம்மாள் மண்வெட்டியோடு மூச்சிரைக்க மேலே ஏறிவந்தாள். "சாரு, கரையடியில ஊத்தெடுக்குது. கலங்கலா வருது. இன்னும் ஏறுனா கரை நிக்காது. என் செடி, வீடு, மாடு அம்புட்டும் போயிரும்."

சார் கீழே இறங்கி, கசிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். மண் கலந்திருந்தது. அதன் அர்த்தம் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பதினோரு மணிக்கு எல்லாரும் வாராங்கய்யா" என்றார் என்னிடம். "ஒரே ஒரு ரவுண்டு..."

பிறகு அவரே கை நீட்டி அவளிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

"எங்கம்மா வெட்ட?"

"அந்தக் கடைசியில, பாறைப் பக்கமா. அங்கன வெட்டுனாத்தான் ஓடைக்கு ஓடும், தோட்டத்துக்கு வராது. பைய வெட்டுங்க சாரு."

மூன்று பேரும் மாறி மாறி வெட்டினோம். முதலில் ஒரு கை அகலத்துக்கு ஓடிய தண்ணீர், தானே மண்ணை அரித்து வழியைப் பெரிதாக்கிக்கொண்டது. பட்டுச் சேலைகளும் பிள்ளைகளுமாக வேன் வந்து நின்றபோது லேக் பாதியாகிவிட்டது. சார் இரண்டு வருடம் காத்திருந்த தண்ணீர் ஓடைக்குள் போவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காலையில பாக்க நல்லாத்தான் சாரு இருந்துச்சு" என்றாள். அதைக் கேட்டதும்தான் மனிதர் வாய்விட்டு அழுதார்.

இப்போது கரையை மறுபடி அடைத்து, பேச்சியம்மாள் கை காட்டிய இடத்தில் கல் பதித்துக் கலுங்கும் கட்டிவிட்டார். தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. எனக்கு மழையே ஆகாது, நாலு சொட்டு தலையில் பட்டால் ஒரு வாரம் தும்முவேன். ஆனாலும் வானம் இருட்டிக்கொண்டு வந்தால், மனைவி மாடித் துணியை எடுக்க ஓடுவாள், நான் டேம் சாருக்குப் போன் போட்டு, "சார், உங்க பக்கம் பெய்யுதா?" என்று கேட்பேன்.