கரண்ட் கேட்காத விசிறி

"பாக்கறதுன்னா கதவைச் சாத்திட்டுப் பாருங்க," என்று அந்த வியாழக்கிழமை ஏழாவது தடவையாகச் சொன்னாள் சரிதா. ஒருவரும் சாத்தவில்லை. பட்டுப்புழு ஷெட்டின் வாசலில் ஒன்பது பேர் வாயைப் பிளந்து நிற்க, தொரப்பள்ளியின் மார்கழிக் குளிர் அவர்களைத் தாண்டி உரிமையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் பார்த்தது புழுவை அல்ல, விசிறியை. விறகடுப்பின் தலைமேல் சாண் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. அடுப்பு சூடேறினால் தானாகச் சுற்றும். சூட்டைக் கடைசித் தட்டு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். போன முறை கடைசி வரிசைப் புழுக்கள் குளிரில் சுருண்டு, கூடு கட்டாமலே போய்விட்டன. இந்த முறையும் அப்படி ஆனால் சரிதா மறுபடி வேலைக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான். அதற்காகவே அவள் கணவன் முனிராஜ் இதை வரவழைத்தான். வைத்த இரண்டே நாளில் கடைசித் தட்டிலும் மழை பெய்கிற மாதிரிச் சத்தம் போட்டு இலை தின்றன புழுக்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையான பொருள்.

முனிராஜ் அதோடு வாயை மூடியிருக்கலாம். தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறவன். சுற்றுகிற எதைக் கண்டாலும் நாலு பேருக்கு விளக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. வீடியோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டான்.

"அடியில சூடு, மேல குளிர்ச்சி. அந்த வித்தியாசத்துலயே கரண்ட் உண்டாவுது சார்," என்றான் சூப்பர்வைசர் சின்னராஜிடம்.

"அப்ப கரண்ட் இருக்குதா, இல்லியா?"

"இருக்குது சார். ஒயர்தான் இல்ல."

சின்னராஜ் குடும்பத்தோடு வந்தார். கதவு திறந்தே கிடந்ததில் சூடு இறங்கியது. முனிராஜ் அடுப்பில் விறகைத் திணித்தான். விசிறி இன்னும் வேகமெடுக்க, பார்த்தவர்கள் போய் இன்னும் பத்துப் பேரை அனுப்பினார்கள். 'உள்ளே வரக் கூடாது' என்று பலகை மாட்டினான். அப்படி என்னதான் இருக்கிறது என்று ரோட்டில் போன டெம்போக்காரர்கள் இறங்கி வந்தார்கள். கடைசியில், ஞாயிறு நாலு முதல் ஐந்து வரை மட்டும் என்று குரூப்பில் நேரம் குறித்தான்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வந்தால், சரிதா தட்டுகளையெல்லாம் பேப்பரால் மூடிக் குறுக்கே வலை கட்டியிருந்தாள்.

"புழு தோல் உரிக்கிற நேரம். வலையைத் தாண்டி யாரும் போவக்கூடாது. நீங்களும்தான்."

"கோவமா சரிதா?"

"எனக்கென்ன கோவம். விசிறியத் தாராளமா காட்டுங்க."

ஞாயிறன்று கர்நாடக எல்லையோர ஜூஜுவாடியிலிருந்து வேன் வைத்தே வந்துவிட்டார்கள். முனிராஜ் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறி விளக்கினான். முகமெல்லாம் பூரிப்பு. நாலே முக்காலுக்குத்தான் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் கண்ணில் பட்டது. பத்தொன்பது டிகிரி. புழுவுக்கு இருபத்தைந்தாவது வேண்டும்.

"எல்லாரும் கெளம்புங்க," என்று கூட்டத்தை வெளியேற்றிக் கதவைச் சாத்தினான். நம் பெருமைக்கு இவள் பிழைப்பைப் பலி கொடுத்துவிட்டோமே என்று நினைத்தான். மனசு அடங்காமல் வலையை விலக்கிக் கடைசித் தட்டின் பேப்பரைத் தூக்கினான். ஒரு புழு இல்லை. அடுத்த தட்டிலும் இல்லை. எல்லாம் செத்துப்போக, அவனிடம் சொல்லாமல் அள்ளிக் கொட்டிவிட்டாள் போலிருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மல்பெரி இலைக்கூடையை எடுத்துப்போக வந்த பக்கத்து வீட்டு நாகம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இங்க என்னாத்தப்பா தேடறே? இது சனங்க பாக்கறதுக்கு. புழுவுக்குன்னு இன்னொரு விசிறி வாங்கி, எங்க ஷெட்டுல கதவைச் சாத்தி ஓட விட்டிருக்கறா உம் பொண்டாட்டி."