பாய்மரத்தில் கை வைத்த மாப்பிள்ளை

"இன்னாபா புருசு, யாரு கல்லறையாண்ட நின்னு இப்டி இளிச்சுகினு கீற?"

கேன்டீன் லூர்தம்மாள் இப்படிக் கேட்டதும், புருஷோத்தமன் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த இட்லி பாதி வழியில் நின்றது.

"கல்லறையா? இது பார்க்கு அக்கா. ஜெர்மனில பிரேமன்னு ஒரு ஊரு. ட்ரெயினிங் போனேன்ல, அங்க எடுத்தது."

லூர்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோட்டோவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இந்தா, நட்சத்திரம் போட்டுக் கீதே, அது பொறந்த வருசம். சிலுவை போட்டுக் கீதே, அது செத்த வருசம். பின்னாடி பாரு, வரிசையா எத்தினி கல்லு! மாசாமாசம் எங்கப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறவ நானு, எனக்குத் தெரியாதா? பாவம், யாரு பெத்த புள்ளையோ. நீ அவரு தலைமாட்டுல கைய வெச்சுகினு சிரிக்கிற."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வனமாமலைக்குப் புரையேறியது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, மண்ணூரில் அறை எடுத்துத் தங்கி, புருஷோத்தமனோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவன்.

"ஏலேய், இந்தப் படத்தத்தானல பொண்ணு வீட்டுக்குக் குடுத்தே?"

"இதேதான்" என்றான் புருஷோத்தமன். அதற்குமேல் இட்லி இறங்கவில்லை.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அவர்களுடைய கம்பெனி, 2004 ஜூன் மாதம் புது மெஷின் ஒன்றை வாங்கியது. அதைப் பழகிக்கொண்டு வர நாலு பேரைப் பிரேமனுக்கு அனுப்பியது. அங்கே பொழுது முழுக்க மெஷின்தான். ஊர் சுற்ற ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது. நாலு பேரும் ஊர் நடுவிலிருந்த சதுக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு சிலை. கழுதை மேல் நாய், நாய் மேல் பூனை, பூனை மேல் சேவல். உலகத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கழுதையின் காலைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். புருஷோத்தமனும் எடுத்துக்கொண்டான்.

ஆனால் அவனுக்கென்று ஒரு கொள்கை உண்டு. எல்லாரும் பார்ப்பதைப் பார்ப்பதற்குக் காலண்டர் போதும், இவ்வளவு தூரம் வந்தவன் யாரும் பார்க்காததைப் பார்க்க வேண்டும். மற்ற மூவரையும் கழுதையோடு விட்டுவிட்டுக் கண்ணில் பட்ட டிராமில் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கினான். முதலில் டிராம் ஷெட் வந்தது. டிராமைக் கழுவுவதை நின்று ரசித்தான். அடுத்து, வரிசையாகச் சின்னச் சின்னத் தோட்டங்களும் நடுவே கோழிக்கூண்டு அளவில் குடிசைகளும் வந்தன. உள்ளே அரை டிராயரோடு உட்கார்ந்திருந்த தாத்தாக்களைப் பார்த்து, இந்த ஊரிலும் வீடில்லாதவர்கள் இருக்கிறார்களே என்று மனம் வருந்தினான். அவர்கள் எல்லாரும் ஊருக்குள் சொந்த வீடு வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தக்காளி வளர்க்க வந்தவர்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அதையும் தாண்டினால் ஒரு இரும்புக் கேட். உள்ளே பெரிய மரங்கள், நீரூற்று, பெஞ்சுகள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பாட்டிமார்கள், விதவிதமான கற்கள். எல்லாவற்றிலும் அழகாக, பாய் விரித்த கப்பல் மாதிரி செதுக்கிய ஒரு கருங்கல். சிற்பப் பூங்கா என்று முடிவு கட்டினான். கப்பலின் பாய்மர நுனியில் ஸ்டைலாகக் கையை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டியைக் கெஞ்சிப் படம் எடுக்கச் சொன்னான். படம் எடுத்து முடித்ததும் பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தோளைத் தடவி, கையில் ஒரு பூவையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

"ஜெர்மன்காரங்க மாதிரி பாசக்காரங்கள பாக்கவே முடியாது" என்று திரும்பி வந்து லைன் முழுக்கச் சொல்லியிருந்தான்.

பெண் வீட்டில் ஃபோட்டோ கேட்டபோது, தேறியவை இரண்டுதான். அம்மா பாஞ்சாலி இரண்டையும் பார்த்தாள்.

"கழுதையோட நிக்கிறத குடுத்தா, இதுல எது மாப்பிள்ளைன்னு கேப்பாங்க. இந்தக் கப்பலாண்ட நிக்கிறதயே குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

பெண்ணுக்கு ஊர் மணிமங்கலம். பெயர் கலைமதி. அப்பா தசரதன் கல் வியாபாரம் செய்கிறார் என்று தரகர் சொன்னார். பெண் பார்க்கப் போன அன்று கலைமதி அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க வெயில் அடிச்சுதா?"

"நைட்டு பத்து மணி வரைக்கும் அடிச்சுது."

அவன் ஜோக் அடிப்பதாக நினைத்து அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் புருஷோத்தமன் இரண்டு தடவை அளவுக் கருவியைத் தலைகீழாக வைத்துப் பார்த்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று இருந்தான். இப்போது, செத்தவர் தலைமாட்டில் நின்று சிரிக்கிற படத்தைச் சம்பந்தம் பேச அனுப்பியிருக்கிறான். தெரிந்தால் எந்த அப்பன் பெண் கொடுப்பான்?

"வெசனப்படாதல" என்றான் வனமாமலை. "கலர் சரியில்ல, வேற தாரேன்னு சொல்லி அந்தப் படத்த வாங்கிட்டு வந்துருவோம். ஆளுக்குத் தெரியுததுக்குள்ள காரியத்த முடிச்சிரலாம்."

மறுநாள் இரண்டு பேரும் பைக்கில் மணிமங்கலம் போனார்கள். வீட்டை ஒட்டியே தசரதனின் பட்டறை. பாலிஷ் போட்ட கருங்கல் பலகைகள் அடுக்கடுக்காகச் சாய்ந்து நின்றன. இவ்வளவு பேர் சமையல் மேடை கட்டுகிறார்களா என்று புருஷோத்தமன் ஆச்சரியப்பட்டான்.

தசரதன் கையில் அந்த ஃபோட்டோதான் இருந்தது. பக்கத்தில் கல் தூசி படிந்த தலையோடு, தாண்டவராயன் என்கிற வயசான மேஸ்திரி. இரண்டு பேரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ள, இப்பத்தான் உங்கள பத்திப் பேசிக்கினு இருந்தோம். இது இன்னா எடம்?"

சிற்பப் பூங்கா என்று சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு.

"எங்க கம்பெனி ஓனர் வூட்டுத் தோட்டம் மாமா."

ஜன்னலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரிப்பதும், அப்புறம் இருமுவதும் கேட்டது.

"ஓனர் தோட்டமா?" தசரதன் மேஸ்திரியைப் பார்த்தார். "கல்லு நெறைய நிக்குதே?"

"அது... அவரு ஃபிரெண்டுங்க பேர எல்லாம் கல்லுல வெட்டி வெச்சிக்கீறாரு."

"அவ்ளோ ஃபிரெண்டா?"

"ஆமாங்க. எல்லாரும் சத்தம் கித்தம் போடாத ஆளுங்க" என்று வனமாமலை தன் பங்குக்கு உதவி செய்தான்.

தசரதன் தலையை ஆட்டினார். "இந்தக் கப்பல் மேல கைய வெச்சுகினு கீறீங்களே மாப்ள, சும்மா தொட்டுகினு நின்னீங்களா, நல்லா சாஞ்சு நின்னீங்களா?"

இது என்ன கேள்வி என்று புருஷோத்தமனுக்குப் புரியவில்லை. தொட்டால் தீட்டு குறைவு, சாய்ந்தால் அதிகம் என்று கணக்குப் போடுகிறாரோ என்று பயந்தான்.

"சும்மா லேசா தொட்டேன் மாமா."

இரண்டு பேர் முகமும் வாடிப்போயிற்று.

"கைய எடுத்துட்டு எடுத்த படம் கீதா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்லீங்க. இதுகூட கலர் சரியில்ல, குடுங்க, வேற போட்டுத் தரேன்."

"இது இருக்கட்டும்" என்று தசரதன் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நெகட்டிவ் இருந்தா குடுங்க. பெருசா பண்ணணும்."

"நெகட்டிவ் தொலைஞ்சி போச்சு மாமா."

வெளியே வந்ததும் வனமாமலை தோளில் தட்டினான். "சந்தேகப்பட்டுட்டாருல. பெருசாக்கிப் பாத்தா எழுத்து தெரிஞ்சிரும். அதுக்கு முன்னாடி நாமளே பெருசாக்கிக் குடுத்துருவோம், எழுத்து இல்லாம. படப்பையில எனக்குத் தெரிஞ்ச ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர் வாங்கிருக்கான். செத்த வருசத்த அழிச்சிட்டு நாலு பூவ வச்சிரச் சொல்லுதேன்."

கைவசம் இருந்த இன்னொரு பிரதியை ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். அந்தப் பையன் தொழிலில் ஆர்வமுள்ளவன். கல்லில் இருந்த எழுத்தைச் சுத்தமாக அழித்தான். நாலு பூ வைக்கச் சொன்னால் ஏன் கஞ்சத்தனம் என்று, படத்தின் ஓரம் முழுக்க ரோஜா மாலை ஒன்றைச் சுற்றினான். பின்னாலிருந்த கற்களை மறைக்க நீல வானமும் மேகமும் போட்டான். தலைக்குப் பின்னால் கொஞ்சம் ஒளியும் சேர்த்தான்.

வீட்டில் பிரித்ததும் பாஞ்சாலி, "ஐயோ, என் புள்ள!" என்று அலறிவிட்டாள். கீழே கண்ணீர் அஞ்சலி என்று எழுதாததுதான் பாக்கி. கல்லறையில் நின்றவன், இப்போது படத்துக்குள் நேராகச் சொர்க்கத்துக்கே போயிருந்தான்.

"எவன்டா இந்தக் கேவலத்த பண்ணது? கல்யாணம் ஆகப் போற புள்ளைக்கு மாலை போட்டு வெச்சிக்கீறான்! நல்லவேள, உன் மாமனாருக்கு நான் வேற வழி பண்ணிட்டேன்."

"இன்னா பண்ண?"

"காலையில மேஸ்திரின்னு ஒரு பெரியவர் வந்தாரு, நெகட்டிவ் வேணும்னு. பீரோவுலதான கீது? எடுத்துக் குடுத்துட்டேன்."

புருஷோத்தமன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். நெகட்டிவ் தொலைந்துபோனது என்று சொன்ன பொய்யும் இப்போது கூடவே போய்ச் சேர்ந்திருக்கும்.

நிச்சயதார்த்தம் மணிமங்கலத்தில், பெண் வீட்டில். வாசலில் சாமியானா, உள்ளே ஜமுக்காளம், தட்டுவரிசை. ஹாலின் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று பட்டுத்துணி போட்டு மூடி இருந்தது. புருஷோத்தமனுக்கு அது என்னவென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

எதிரே கலைமதி பச்சைப் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஊர் நடுவில் துணி விலகிப் பொய்யன் என்று பெயர் வாங்குவதைவிட, நாமே சொல்லிவிட்டுப் போவது மேல் என்று தோன்றியது.

"வெளிநாடு போய்ட்டு வந்த மாப்ள, எல்லாரும் பாருங்க" என்று பட்டுத்துணியை எடுக்கத் தசரதன் எழுந்தார். புருஷோத்தமனும் எழுந்தான்.

"மாமா, ஒரு நிமிசம். அது ஓனர் வூட்டுத் தோட்டம் இல்ல."

"ஏலேய், இருல" என்று வனமாமலை சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அது கல்லறைத் தோட்டம் மாமா. தெரியாம பூந்துட்டேன். பார்க்குன்னு நெனச்சேன். அந்தக் கப்பல் ஒருத்தரு கல்லறை. நெகட்டிவ் தொலைஞ்சுதுன்னு சொன்னதும் பொய்யி. லேசா தொட்டேன்னு சொன்னதும் பொய்யி, முழு பாரத்தையும் போட்டு நல்லா சாஞ்சுதான் நின்னேன். பாட்டி படம் எடுக்கற வரைக்கும் அப்டியே நின்னேன். கலைமதிய எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் பயந்துகினு மறைச்சேன். மன்னிச்சிடுங்க."

பாஞ்சாலி தலையில் கையை வைத்துக்கொண்டாள். வனமாமலை வாசலில் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான்.

தசரதன் துணியை இழுத்தார். கருங்கல் கப்பலும், அதன் பாய்மரத்தில் கை வைத்துச் சிரிக்கும் புருஷோத்தமனும் சுவர் அளவுக்குத் தெரிந்தார்கள். நட்சத்திரம் தெரிந்தது, சிலுவை தெரிந்தது. கலைமதி இந்தத் தடவை அடக்காமலே சிரித்துவிட்டாள். தசரதன் அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி, மூலையில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார்.

தாண்டவராயன் விறுவிறுவென்று முன்னால் வந்து புருஷோத்தமனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"முழு பாரத்தையும் போட்டா மாப்ள? ஆடலையே? நம்ம பட்டறையில செதுக்கி ஜெர்மனிக்குக் கப்பல் ஏத்துன கல்லு மாப்ள அது, நீங்க கை வெச்ச பாய்மர நுனி ஒடஞ்சி, பசை போட்டு ஒட்டி, யாராண்டயும் சொல்லாம அனுப்பிட்டு, எப்ப உழுமோன்னு நானும் மொதலாளியும் மூணு வருசமா நிம்மதியா தூங்கல!"