முன்கண்ணாடிக் குழுவின் முதலும் முடிவுமான அறிக்கை

நெருப்பைக் கண்டுபிடித்தவனும் சக்கரத்தை உருட்டியவனும் மெக்கானிக்கைத் தேடிப் போகவில்லை. தாங்களே செய்தார்கள். அந்த மகத்தான பரம்பரையில் மூன்றாவதாக வைத்து எண்ணத்தக்கவர் என் அத்தான். மோட்டார் சைக்கிளின் முன்கண்ணாடியை வீட்டிலேயே மாற்றியவர். அந்த வரலாற்றை அருகிலிருந்து பார்க்கவும், அவ்வப்போது டார்ச் பிடிக்கவும் எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

மோட்டார் சைக்கிள் அக்காவுடையது. மருந்துக் கிடங்கு வேலைக்கு நெடுஞ்சாலையில் தினமும் அதில்தான் போகிறாள். அத்தானுக்கு ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து போய், வழியில் தன் அலுவலகத்தில் இறங்கிக்கொள்வார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியைப் பாதியாக உடைத்தது. அன்றிலிருந்து நெடுஞ்சாலைத் தூசியும் பூச்சியும் அக்காவின் கண்ணில்தான் குடியிருந்தன.

ஹெல்மெட்டில் மூடி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை அத்தான் பெயிண்ட் தின்னர் ஊற்றித் துடைத்து ‘மேம்படுத்திய’ நாளிலிருந்து, அதன் வழியே பார்த்தால் உலகம் குளியலறை ஜன்னல் மாதிரி தெரியும். அதனால் அக்கா அதை மேலே தூக்கிவிட்டுக்கொண்டுதான் ஓட்டுவாள். வெள்ளிக்கிழமை கண் டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இனி கண்ணாடி இல்லாத வண்டியில் உட்காரவே கூடாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள தலைமை அலுவலகத்தில் அவளுக்கு நேர்காணல். கிடங்கு மேற்பார்வையாளர் பதவி. அந்தப் பாதையில் முதல் பஸ்ஸே பதினொரு மணிக்குத்தான். போன வருடமும் இதே நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் அத்தான் வண்டிச் சங்கிலியைத் தானே இறுக்கியிருந்தார். வண்டி ஒன்பதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை புதுக் கண்ணாடி பெட்டியில் வந்து இறங்கியது.

“தெருமுனை மெக்கானிக்கைக் கேட்டேங்க. நாலு ஸ்க்ரூதானே, பத்து நிமிஷம், கொண்டாங்கக்கான்னான்” என்றாள் அக்கா.

அத்தான் புன்னகைத்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் புன்னகைப்பார்களே, அப்படி. “பத்து நிமிஷத்துல ஒரு வேலை முடியுதுன்னா அங்க திட்டமிடல் இல்லைன்னு அர்த்தம். நாமளே செய்யறோம்.”

உடனே ஒரு குழு அமைந்தது. தலைவர், அத்தான். ஆலோசகர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆய்வாளர். அவர் முப்பது வருடம் எதை ஆய்ந்தார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் நன்றாக ஆய்ந்திருக்கிறார் என்பது நடையிலேயே தெரியும். மாடியில் குடியிருக்கும் நான் குறிப்பெடுப்பவன்.

“நான்?” என்றாள் அக்கா.

“வண்டி உன்னுது. நீ குழுவுல இருந்தா பாரபட்சம் வந்துடும்” என்றார் அத்தான்.

முதல் அமர்வில் செய்முறை விளக்கக் காணொளி ஒன்று பார்க்கப்பட்டது. அது ஆறு நிமிடம். அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. மாலை ஐந்து மணிக்குக் குழு, லாரி எஞ்சினைக் கழற்றி மாட்டுவது எப்படி, கிணற்றில் விழுந்த டிராக்டரை எடுப்பது எப்படி ஆகிய துறைகளில் தேர்ச்சி பெற்றிருந்தது. பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.

இரண்டாம் அமர்வு ஞாயிறு காலை, வாசலில். பழைய கண்ணாடியின் மூன்று திருகுகள் சுலபமாக வந்தன. நான்காவது துருப்பிடித்து அசைய மறுத்தது.

“இது இடது பக்கமாச் சுத்தற ஜாதி” என்றார் ஆய்வாளர்.

அத்தான் இடது பக்கம் சுற்றினார். பிறகு வலது பக்கம். பிறகு இரண்டு பக்கமும் சுற்றியதில் திருகின் தலையிலிருந்த வெட்டு தேய்ந்து வழுவழுவென்று ஆயிற்று.

“இப்ப பாக்க லட்சணமா இருக்கு” என்றார் ஆய்வாளர்.

அக்கா உள்ளே போய்த் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து நான்கு சொட்டு விட்டாள். “அரை மணி நேரம் யாரும் ஒண்ணும் செய்யாம இருங்க. அது போதும்.”

குழு அதை ஒருமனதாக ஏற்றது. இரண்டு நாளில் முழுமையாக நிறைவேற்றப்பட்ட ஒரே தீர்மானம் அதுதான். அரை மணி கழித்து அக்கா வந்து, இடுக்கியால் திருகைப் பிடித்துச் சுற்றி எடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். “பாத்தியா, நம்ம சுத்தின சுத்துல இளகியிருக்கு” என்றார் அத்தான். எழுதிக்கொண்டேன்.

மாலைக்குள் புதுக் கண்ணாடி ஏறிவிட்டது. அக்காவை அழைத்து உட்காரவைத்தார்கள்.

“ஏங்க, முன்னாடி ஒண்ணுமே தெரியலையே.”

தெரியாது. கண்ணாடியின் இரு பக்கமும் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மாட்டியதும் உரிக்க வேண்டிய தாள். ஆனால் அத்தான் வீட்டில் புதுப்பொருளின் உறை பிரிக்கப்படுவதில்லை. ரிமோட் பதினோரு வருடமாகப் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே இருக்கிறது. டிவி இரண்டு முறை மாறிவிட்டது, பை மாறவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முகத்திலும் தாள் இருப்பதால் அந்த வீட்டில் நேரம் தோராயமாகத்தான் தெரியும்.

“பிரிச்சா கீறல் விழும்” என்றார் அத்தான்.

“பிரிக்காட்டி நான் விழுவேன்.”

“நீ பக்கவாட்டுல எட்டிப் பாத்து ஓட்டு. ரெண்டு நாள்ல பழகிடும்.”

“எட்டிப் பாத்தா காத்து கண்ணுல அடிக்காதா? அப்பறம் எதுக்குங்க கண்ணாடி?”

“இதுக்குத்தான் உன்னைக் குழுவுல சேக்கலை” என்றார் அத்தான் வருத்தத்தோடு.

வாக்கெடுப்பு நடந்தது. தாள் இருக்க வேண்டும் என்று மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றாவது கை என்னுடையது. மாடியில் குடியிருப்பவனுக்கு அதற்குமேல் கொள்கை கட்டுப்படியாகாது.

திங்கள் காலை ஏழரைக்கு நாங்கள் வாசலுக்கு வந்தபோது, தாள் அழகாகச் சுருட்டப்பட்டுக் குப்பைக் கூடையில் நின்றது. கண்ணாடி தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அக்கா ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாலுல மூணு லூசா இருந்துச்சு, இறுக்கிட்டேன். நேரமாச்சு, ஏறுங்க.”

அத்தான் குப்பைக் கூடையைத் துக்க வீட்டில் நிற்பவர்போல ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் மதிப்பீட்டுக் கூட்டம். அக்கா நேர்காணல் முடிந்து திரும்பி, சிவக்காத கண்களோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பதவி கிடைத்துவிட்டது.

“அங்க என்ன கேட்டாங்க?” என்றேன்.

“ஆளுங்களை வச்சு வேலை வாங்கின அனுபவம் இருக்கான்னாங்க. மூணு ஆம்பளைங்களை வச்சு ரெண்டே நாள்ல நாலு ஸ்க்ரூ மாட்டியிருக்கேன்னேன். உடனே எப்ப சேர்றீங்கன்னாங்க.”

“ஆக, பதவியும் குழுவோட சாதனைதான். எழுதிக்கோ” என்றார் அத்தான் என்னிடம். எழுதினேன். ஆய்வாளர் வழிமொழிந்தார்.

அப்புறம் அத்தான் தொண்டையைச் செருமினார். பெரிய மனிதர்கள் வெற்றிக்குப் பிறகுதான் உண்மை பேசுவார்கள். “ஆனா மனசாட்சிப்படி ஒண்ணு சொல்லணும். யோசிச்சுப் பாத்தா, இந்தக் கண்ணாடி தேவையே இல்லை. அது உடைஞ்சு கெடந்த மூணு வாரமும் நானும்தான் தினம் அதே வண்டியில, அதே ரோட்டுல போனேன். ஒரு தூசி இல்லை, ஒரு பூச்சி இல்லை. துளி காத்துகூட என் மேல படலை.”

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “அப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?”

“இதென்ன கேள்வி? உனக்குப் பின்னாடிதான்.”

அந்த வாக்கியத்தை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் பதிவு செய்தேன்.