காளைக்கு ஓடிபி வரவில்லை

முப்பத்திரண்டு வருஷம் கால்நடை அலுவலகத்தில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷத்தில் ஒரு மாட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் சினை ஊசி பற்றிய சுற்றறிக்கைகள் அத்தனையும் மனப்பாடம். (மாடுகள் அவற்றைப் படிப்பதில்லை என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.)

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், சங்கரன்கோவிலில் எங்கள் எதிர்வீட்டு இசக்கியம்மாள் காலையிலேயே வந்து நின்றாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கலப்பினப் பசு. இரண்டு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. இந்தத் தடவையும் பிடிக்காவிட்டால் சந்தையில் விற்றுவிடுவதாக அவள் புருஷன் சொல்லியிருந்தான்.

"அண்ணாச்சி, மாடு சினைக்குக் கத்துது. பொட்டக் கன்னு மட்டும் பொறக்குத ஊசி வந்திருக்காம்லா? அதத்தான் போடச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் நீங்க சும்மா கூட நின்னாப் போதும்."

சும்மா நிற்பதா? நானா?

"எத்தன மணிக்குக் கத்த ஆரம்பிச்சுது?"

"விடியக்காலம்."

"மணி சொல்லு."

"மாட்டுக்கு வாட்ச் கெட்டி விடலியே அண்ணாச்சி."

மாலையில் நோட்டு, இரண்டு பேனா, வெப்பமானி சகிதம் போய்விட்டேன். ஊசி போடும் செல்வராஜ், உறைவிந்துக் குச்சியை வெந்நீரில் போட்டு உருக்கினார். முப்பத்தேழு டிகிரி இருக்கிறதா என்று நான் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். இருந்தது. எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

"பதிவு பண்ணியாச்சா வே?"

"அப்புறம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. குச்சிய உருக்கியாச்சு, ரொம்ப நேரம் வைக்கக் கூடாது."

"அப்புறங்கிற பேச்சே கிடையாது" என்று அவர் செல்போனை வாங்கி, துறைச் செயலியில் நானே பதிவு செய்தேன். ஓடிபி, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் இருந்த அவள் புருஷனுக்குப் போனது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. நீரு யாருவே?" என்று வைத்துவிட்டான்.

அந்த இடைவெளியில், பசுவின் காது வில்லையில் கடைசி எண் மூன்றா எட்டா என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று கழுத்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

"அண்ணாச்சி, அவுக்காதீங்க!" என்றார்கள் இருவரும். அவிழ்த்தாகிவிட்டது.

பசு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டம் பிடித்தது. தெருமுனையில், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட நாட்டுக் காளை சுவரொட்டி தின்றுகொண்டிருந்தது. அதற்குக் காது வில்லை கிடையாது. ஊசிக் காளைகளுக்கு இருப்பதுபோல், அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்ற குறிப்பும் கிடையாது. நாங்கள் மூச்சு வாங்க ஓடிச் சேர்வதற்குள், டீக்கடைக் கூட்டம் பார்த்திருக்க, காரியம் முடிந்திருந்தது.

"ரெண்டு தடவ நிக்காதது இதுலயா நிக்கப் போவுது? இனி அவுக சந்தைக்கு ஓட்டிருவாக" என்று இசக்கியம்மாள் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். அதன்பின் மூன்று மாதம், பின்வாசல் வழியாகத்தான் நான் வெளியே போனேன்.

நான்காம் மாதம் செல்வராஜ் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: சினை. சந்தைப் பேச்சு நின்றது. பிறந்தது பொட்டைக் கன்று. அதற்கு அவள் வைத்த பெயர், ஓடிபி.

கன்றுக்கு வில்லை மாட்ட வந்த செல்வராஜ் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: "தகப்பன் வெவரம் என்ன போட?"

"அண்ணாச்சி பேரப் போடுங்க. அவுக பாத்து வச்ச சம்பந்தம்தான?" என்றாள் இசக்கியம்மாள்.

இன்றைக்கும் நான் வீட்டில் எதற்காவது நடைமுறை விளக்க வாயைத் திறந்தால், என் மனைவி கிரேஸ் கையிலிருக்கும் வேலையை விடாமல் சொல்லுவாள்:

"சொல்லுங்க, கேக்கேன். கயித்த மட்டும் அவுத்துராதீங்க."