மூன்றாவது டிரம்மர் கட்டுரையை நிறுத்தக் கோரி

மதிப்பிற்குரிய ரசிகர் மடல் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் நகலெடுக்கும் இயந்திரமும் நலமென நம்புகிறேன். போன மாத இதழில் நான்கு பக்கங்கள் வெறும் கறுப்பாக வந்திருந்ததால் இயந்திரத்தையும் சேர்த்து விசாரிக்கிறேன். இங்கே நான் நலமில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தினால். பள்ளியில் நான் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள்.

இந்தக் கவரில் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று இருக்கும். எழுதியவர் என் அப்பா. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர், உங்கள் மடலின் பதினாறு வருட வாசகர். அதைத் தயவுசெய்து அச்சிடாதீர்கள். "இதுவரை யாரும் அறியாத மூன்றாவது டிரம்மர்" என்று அதில் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார் அல்லவா? அப்படி ஒருவர் கிடையாது. அது நான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பல் டாக்டர் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். சொந்த மாமா இல்லை, அப்பாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். உங்கள் மடல் கொண்டாடும் இசைக்குழு கலைந்து முப்பது வருடம் ஆகிறது, எங்கள் முன்னறையில் மட்டும் இன்னும் கலையவில்லை. அப்பா முதல் பாடகர் கட்சி, மாமா இரண்டாவது பாடகர் கட்சி. கதவைச் சாத்திக்கொண்டு மேடைப் பதிவுகளைப் போட்டு, "இந்த இடத்துல உன் ஆளு மூச்சு வாங்குறான் பாரு" என்பார் அப்பா. "மூச்சு வாங்கினாலும் உன் ஆளு மாதிரி வரியை மறக்கலையேடா" என்பார் மாமா. பொழுது சாயும்வரை இதேதான். அதுவரை அம்மா மிக்ஸி போடக்கூடாது, நான் மாடிப்படியில் இருமக்கூடாது. ஒரு தடவை கதவைத் திறந்து, "அப்பா, நானும் உக்காந்து கேக்கட்டுமா?" என்றேன். "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, போய்ப் படி" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். படிக்கட்டில் உட்கார்ந்தே எனக்கு எல்லாப் பதிவும் தலைகீழ்ப் பாடம் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

அப்பா கேசட்டில் எதுவும் எழுத மாட்டார். முதல் பாடகர் காலம் என்றால் சிவப்புப் புள்ளி, இரண்டாவது பாடகர் காலம் என்றால் நீலப் புள்ளி. புள்ளி இல்லாவிட்டால் காலிக் கேசட். இது வீட்டுச் சட்டம். சட்டப்படிதான் நான் நடந்தேன். புள்ளி இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு, டேப் ரிக்கார்டரோடு குளியலறைக்குப் போய், வாளியையும் குவளையையும் கவிழ்த்துப் போட்டு, மரக்கரண்டி இரண்டால் இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவு செய்தேன். அம்மா கதவை மூன்று முறை இடித்ததும் நிறுத்திவிட்டேன். பிறகு என் வாசிப்பைக் கேட்கலாம் என்று கேசட்டைப் பின்னால் ஓட்டினால், ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள்! எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கேசட்டில் பாடுவது முதல் ஆளா இரண்டாம் ஆளா என்று ஆறு வருடமாக முடிவாகாததால் அதற்கு எந்தப் புள்ளியும் வைக்கவில்லையாம். இதை வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஆறு வருடம் வாயடித்தவர்களுக்கு ஒரு பச்சைப் புள்ளி வைக்கக் கை வரவில்லையா?

சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையேதான் போட்டார்கள். பாட்டு நடுவில் படாரென்று அறுந்து என் வாளி கிளம்பியது. நான் படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு அப்பா மெதுவாக, "டேய், இது யாருடா?" என்றார். மாமா, "எத்தனை பெரிய அரங்கம், எதிரொலியைக் கேளு" என்றார். எங்கள் குளியலறையில் ஒரு ஆள் திரும்பக் கஷ்டம், ஐயா. அம்மா கதவை இடித்ததைக் கேட்டு, "அந்தக் கடைசி மூணு அடி! அதுக்காகவே இவன் கால்ல விழலாம்" என்றார் அப்பா. உடனே மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "தாளமே நிக்கலை. யாரோ கூலிக்கு வந்த ஆளு, சாமான் தூக்க வந்தவனை உக்கார வெச்சிருக்காங்க" என்றார்.

சாமான் தூக்க வந்தவனாம்! நான் கடைசிவரை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வாசித்தேன், ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பல்லைப் பிடுங்குகிறவருக்குத் தாளத்தில் என்ன வேலை?

அன்றைக்கு இரண்டு பேருக்கும் சண்டை முற்றிவிட்டது. "உனக்குக் காது இல்லடா" என்றார் அப்பா. "உனக்கு மூளை இல்லடா" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மாமா போனவர்தான், நான்கு வாரமாக வரவில்லை. "கூலிக்கு வந்த ஆளு" என்று அவரும் உங்களுக்கு ஆறு பக்கம் எழுதி, அதன் நகலைத் தன் கிளினிக் நர்ஸ் அக்காவிடம் கொடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். இதில் கொடுமை என்னவென்றால், அப்பாவின் கடைவாய்ப் பல்லுக்கு மாமா பாதி வைத்தியம்தான் செய்திருக்கிறார். மேலே தற்காலிகமாக அடைத்தது பெயர்ந்துவிட்டது. அப்பா ஒரு பக்கமாகவே மெல்லுகிறார், கன்னம் வீங்கியிருக்கிறது. "போய்க் காட்டுங்களேன்" என்றால், "தாளம் தெரியாதவன் கையில வாயைக் கொடுக்க மாட்டேன்" என்கிறார். "ரெண்டு பேரும் இன்னும் அதே பெஞ்சுலதான் உக்காந்திருக்கீங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

கட்டுரை வந்தால் உங்கள் இருநூறு வாசகர்களும் கேசட்டின் நகலைக் கேட்டு வாங்குவார்கள். யாராவது ஒருவருக்காவது வாளி என்று தெரியாமலா போகும்? அப்பா ஊர் சிரிக்க நிற்பார். நானே உண்மையைச் சொல்லலாம்தான், ஆனால் மாமாவுக்கு முகம் கொடுக்க முடியாமல் அப்பா அந்தப் பல்லோடேயே காலம் தள்ளுவார். கவரைத் தபாலில் போடும் வேலை என்னுடையது. போடாமல் விட்டால் நாளைக்கு மறுநாளே உங்களுக்குப் போன் செய்து கேட்பார். ஆகவே, கேசட் பழுது, ஆராய்ச்சிக்கு உகந்ததல்ல என்று இருவருக்கும் ஒரே மாதிரி இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம். காலில் விழுகிறேன்.

தங்கள் மடலும் இயந்திரமும் கறுப்பின்றி நீடு வாழ்க.

இப்படிக்கு,
கவரை ஒட்டப்போகிறவள்

பி.கு.: கடிதத்தைச் செருகும்போது அப்பாவின் எட்டாம் பக்கத்தைப் படித்துவிட்டேன். கடைசிப் பத்தி இது: "இவர் யாராக இருந்தாலும் சரி, இரண்டு காலங்களிலும் இவ்வளவு ஆசையோடு வாசித்த கை வேறில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை என் முன்னறையில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்." எனவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். கட்டுரையை ஒரு வரி வெட்டாமல் போடுங்கள். இதழ் வெளிவரும் ஞாயிற்றுக்கிழமை நானே உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் கட்டுரையையும் அவசியம் போடுங்கள். அதற்குப் பதில் எழுத எனக்கு அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கவும்.